நான்காவது படி

பத்திரிகையில் எனக்குக் கொடுத்தது இரண்டு பத்தி.
மீதி இடத்தை டிராக்டர் விளம்பரம் எடுத்துக்கொண்டது.

ஓல்டெமேர் நீர் வாரியம், செவ்வாய் மாலை, மழை.
வாய்க்காலில் தண்ணீர் இப்போது
தரைக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர் கீழே நிற்கிறது.
ஐம்பதுக்கு ஏற்றலாமா என்பது கேள்வி.
நாற்பது சென்டிமீட்டர்,
ஒரு நாற்காலியின் உயரம்கூட இல்லை.
அதற்குத்தான் அத்தனை கார்கள்,
வாசலில் சாணம் கொட்டிவிட்டுப் போன ஒரு டிரெய்லர்,
நனைந்தபடி இரண்டு போலீஸ்காரர்கள்.

ஃப்ரீஸ்லாந்தின் இந்தப் பக்கம் நிலம் என்பது மண்ணில்லை.
நீருக்கடியில் மக்க மறந்து
ஆயிரக்கணக்கான வருஷம் கிடந்த நாணல், பாசி.
தண்ணீரை இறைத்தால் காற்று இறங்குகிறது.
காற்று இறங்கினால் நாணலுக்குத் தன் சாவு ஞாபகம் வருகிறது.

"புகை தெரியவில்லை என்பதால்
எரியவில்லை என்று அர்த்தமா?" என்றாள் ஸீட்ஸ்கே.
"எரிகிற வயலில் நின்று பால் விலை பேசுகிறோம்."
தலைப்புக்கு ஆகும். குறித்துக்கொண்டேன்.

பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை, இருபத்தாறு வயது.
மார்ச்சில் அவளும் இன்னும் ஆறு பேரும்
ஒரே ராத்திரியில் நாற்பது இரும்புக் கம்பிகளை நட்டார்கள்,
அடியிலிருக்கும் மணல்வரை, சிவப்புச் சாயம் பூசி.
கம்பி அசையாது. தரை இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.
விடிந்ததும் முப்பத்தொன்பது
அவள் வீட்டு வாசலில் கிடந்தன, வளைத்து.
மிச்சம் ஒன்று என்ன ஆனது என்று
அவளைத் தவிர யாரும் யோசிக்கவில்லை.

வோப்பே டைக்ஸ்ட்ரா எழுந்தார்.
எழுபத்தெட்டு கறவை மாடுகள், இரண்டு கடன்.
"ஈரத்தில் மாடு நிற்காது. டிராக்டர் புதையும்.
வங்கி மட்டும் புதையாது.
நான் என்ன, தவளை கறக்கவா?"
கூரை அதிரச் சிரிப்பு.
அவர் முஷ்டி உயர்ந்த நொடியில்
எங்கள் படக்காரன் பொத்தானை அழுத்தினான்.

காபி தீர்ந்தது. வாக்கெடுப்பு:
மேலும் ஓர் ஆய்வு, அடுத்த இலையுதிர் காலம்வரை.
பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு.

கார் நிறுத்துமிடத்தில் என் தோளைத் தொட்டது அதே கை.
"ஐந்து நிமிஷம். பேனாவை உள்ளே வை."

அவர் வீட்டுப் பின்கதவு.
வீடு ஆழத்தில் அடித்த மரக்கட்டைகள் மேல் நிற்கிறது.
அது அங்கேயே இருக்கிறது. போவது தரைதான்.
"மேல்படி வீட்டோடு வந்தது. அடுத்தது அப்பா கட்டியது.
மூன்றாவது, எனக்குக் கல்யாணமான வருஷம்."
கடைசிப் படியில் சிமெண்ட் இன்னும் ஈரம்,
மேலே ஒரு பலகை,
பலகையை மதிக்காத பூனையின் நான்கு தடம்.

பிறகு டார்ச்சைக் கொட்டகைப் பக்கம் திருப்பினார்.
சிவப்பு. நிமிர்ந்து.
அடியில் மாட்டுக் காது அட்டைகளில்
பால்பாயிண்ட் எழுத்தில் தேதிகள்,
மாதத்துக்கு ஒன்று, ஒரு மாதமும் விடாமல்.

"பிடுங்கத்தான் வந்தேன்," என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை. மழை தொப்பியில் விழுந்துகொண்டிருந்தது.
"எழுதாதே. வங்கியில் உன் பத்திரிகை வாங்குகிறார்கள்."

எழுதவில்லை.
விவசாயிகள் ஒரு பக்கம், ஆர்வலர்கள் ஒரு பக்கம் என்று
ஆசிரியர் தலைப்புப் போட்டார்.
நடுவே முஷ்டி, நன்றாக அச்சாகியிருந்தது.

போன வாரம் பல்வலி.
வரவேற்பு மேசையில் ஸீட்ஸ்கே
என் பிறந்த தேதியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்,
அந்த ஒரு கம்பியைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று.
அவளுடைய அட்டவணையில் நாற்பதாவது வரிசை மட்டும்
இன்னும் அழிக்காமல், காலியாக வைத்திருக்கிறாளாம்.

வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே கூப்பிட்டார்கள்.

அக்டோபர் ஒன்று. ஏழு மில்லிமீட்டர்.